ஹால்ஸ்டாட் மலைச்சரிவு ஆலயம்: நேரம் ஒதுக்கிப் பார்க்க வேண்டியவை

ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் நகரில் தங்கி, ஒரு நாள் பயணமாக ஹால்ஸ்டாட் கிராமத்துக்குக் குடும்பத்துடன் செல்லவிருக்கும் ஒருவர் மூன்று கேள்விகளைக் கேட்டிருக்கிறார். மலைச்சரிவில் இருக்கும் பழைய கத்தோலிக்க ஆலயத்துக்கு ஏறிச் செல்வது பயனுள்ளதா, அதற்கு எவ்வளவு நேரம் வேண்டும், மண்டை ஓடுகள் அடுக்கிய அங்குள்ள எலும்பு அறைக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லலாமா என்பவை அவை. ஏறிச் செல்லுங்கள் என்பதே முதல் கேள்விக்கு என் பதில். ஆலயம், கல்லறைத் தோட்டம், எலும்பு அறை ஆகிய மூன்றையும் சேர்த்து ஒன்றரை மணி நேரமாவது ஒதுக்குங்கள். பெரும்பாலோர் இருபது நிமிடங்களில் மண்டை ஓடுகளை மட்டும் பார்த்துப் படம் எடுத்துக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். அப்படிப் பார்த்தால் அது ஒரு விசித்திரக் காட்சியாக மட்டுமே மனத்தில் நிற்கும். ஆலயத்தை முதலிலும், கல்லறைத் தோட்டத்தை அடுத்தும், எலும்பு அறையை இறுதியிலும் பார்ப்பவர்களுக்குத்தான் இந்த ஊர் ஏன் இப்படி வாழ்ந்தது என்பது விளங்கும். பிள்ளைகளைப் பற்றிய கேள்விக்கு, அந்த அறையைப் பற்றிச் சொல்லும் இடத்தில் வருகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். ஹால்ஸ்டாட்டின் புகழ்பெற்ற படத்தில், ஏரிக்கரையில் ஊசி போல உயர்ந்து நிற்கும் மெல்லிய கோபுரம் கத்தோலிக்க ஆலயத்தினுடையது அன்று. அது புராட்டஸ்டன்ட் பிரிவினரான லூத்தரன் சபையாரின் ஆலயம். 19ஆம் நூற்றாண்டில்தான் கட்டப்பட்டது. நீங்கள் கேட்கும் ஆலயம் அதற்கு மேலே, பாறைத் திட்டின்மீது, வீட்டுக் கூரைகளுக்குப் பின்னால் அகன்ற கூரையும் பருத்த கோபுரமுமாகத் தெரியும். கோபுரத்தின் அடிப்பகுதி 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. இப்போதுள்ள ஆலயம், கூர்வளைவுகள் கொண்ட கோதிக் கட்டடப் பாணியின் பிற்காலத்தில், 16ஆம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் கட்டி முடிக்கப்பட்டது. அது அன்னை மரியாளின் விண்ணேற்புக்கு அர்ப்பணிக்கப்பட்ட பங்கு ஆலயம். ஆகவே ஆகஸ்ட் 15 அதன் பெயர்கொண்ட திருநாள்.

இந்த ஆலயத்தைப் பற்றி எதைச் சொன்னாலும் இரண்டு காரணங்களில் வந்து முடியும். ஒன்று உப்பு, மற்றொன்று இடமின்மை. ஹால்ஸ்டாட், ஆஸ்திரியாவின் மேல் ஆஸ்திரியா மாநிலத்தில், சால்ஸ்காமர்கூட் என்னும் மலை நாட்டில், டாக்ஸ்டைன் மலைத்தொடரின் அடியில் இருக்கிறது. ஊருக்கு மேலுள்ள மலைப் பள்ளத்தாக்கில் வரலாற்றுக்கு முற்பட்ட காலம் முதலே உப்பு எடுக்கப்பட்டது. அங்கே 1846 முதல் 1863 வரை யோஹான் கியோர்க் ராம்ஸாவர் என்ற சுரங்க அதிகாரி ஏறத்தாழ ஆயிரம் கல்லறைகளைத் தோண்டி வெளிக்கொணர்ந்தார். அந்தக் கண்டுபிடிப்பின் காரணமாகவே ஐரோப்பாவின் முதல் இரும்புக் காலப் பகுதி இன்றும் இவ்வூரின் பெயரால் அழைக்கப்படுகிறது. இடைக்காலத்தில், 1311ஆம் ஆண்டில், முதலாம் ஆல்பிரெக்ட் மன்னரின் மனைவியாக இருந்து கைம்பெண்ணான எலிசபெத் அரசியார் ஊருக்குச் சந்தை உரிமை வழங்கி, உப்புத் தொழிலையும் ஒழுங்குபடுத்தினார். ஆக, எண்ணூறு பேர்கூட வாழாத ஒரு கிராமத்தில் இவ்வளவு பெரிய ஆலயமும் இவ்வளவு உயர்ந்த கலைவேலையும் எப்படி வந்தன என்று வியப்பவர்களுக்கு உப்பு என்ற ஒரே சொல்லில் விடை சொல்லிவிடலாம்.

இடமின்மையோ, ஏறத் தொடங்கியவுடன் காலுக்கே தெரிந்துவிடும். ஒரு பக்கம் ஏறத்தாழ 125 மீட்டர் வரை ஆழம் செல்லும் ஏரி, மறுபக்கம் செங்குத்தான மலை. இரண்டுக்கும் இடையில் ஒரு தெருவுக்கும் சில வரிசை வீடுகளுக்கும்தான் இடம் இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதிவரை ஊருக்குள் வண்டிச் சாலை கிடையாது. படகில் வர வேண்டும், அல்லது மலையோர ஒற்றையடிப் பாதையில் நடக்க வேண்டும். சமதளம் எதையும் வீணாக்க முடியாத ஊரில் ஆலயத்தையும் கல்லறைத் தோட்டத்தையும் பாறைமீது, தாங்குசுவர் எழுப்பி அமைத்திருக்கிறார்கள். சந்தைச் சதுக்கத்துக்கு அருகிலிருந்தும் கரையோரத் தெருவிலிருந்தும் வீடுகளுக்கு நடுவே குறுகிய படிவழிகள் மேலே செல்கின்றன. அவற்றில் ஒரு பகுதி கூரையிட்ட மரப் படிக்கட்டு. ஏற்றம் நீளமானதன்று என்றாலும் செங்குத்தானது. முழங்கால் வலி உள்ள பெரியவர்கள் மெதுவாக ஏறிவிடலாம். ஆனால் சக்கர நாற்காலியையோ குழந்தைத் தள்ளுவண்டியையோ இவ்வழியில் கொண்டுசெல்லலாம் என்று எண்ண வேண்டாம். மழை பெய்தால் கற்படிகள் வழுக்கும். இம்மலைப் பகுதியில் கோடையிலும் மழைக்குப் பஞ்சமில்லை என்பதால் நல்ல பிடிப்புள்ள காலணி அணிந்து செல்லுங்கள்.

உள்ளே நுழைந்ததும் முதலில் கவனிக்க வேண்டியது கட்டட அமைப்பை. பொதுவாக ஆலயங்களில் நடுவில் அகன்ற ஒரு கூடமும் இருபுறமும் பக்கக் கூடங்களும் இருக்கும். நுழைந்தவுடன் நம் கண் நேராக நடுப்பீடத்தை நோக்கிப் போகும். இங்கே அப்படியில்லை. தூண் வரிசை ஒன்று நடுவிலேயே ஓடி ஆலயத்தை ஒத்த உயரமுள்ள இரண்டு கூடங்களாகப் பிரிக்கிறது. ஒவ்வொரு கூடத்தின் முனையிலும் ஒரு பீடப்பகுதி. எந்தப் பக்கம் போவது என்று ஒரு கணம் தயங்குவீர்கள். அந்தத் தயக்கத்தை இந்த ஆலயத்தின் குணம் என்றே சொல்வேன். மேலே பார்த்தால் கற்கூரையின் விலா எலும்பு போன்ற வளைவுகள் தூண்களிலிருந்து கிளைத்துச் செல்வது தெரியும்.

இந்த ஆலயத்தின் பெருஞ்செல்வம் அன்னை மரியாளின் சிறகுப் பீடம். லியோன்ஹார்ட் ஆஸ்ட்ல் என்ற சிற்பியின் பட்டறையில் 1510க்கும் 1520க்கும் இடைப்பட்ட ஆண்டுகளில் செதுக்கப்பட்ட மர வேலைப்பாடு அது. நடுவில் குழந்தை இயேசுவுடன் மரியாள் வீற்றிருக்க, இருபுறமும் புனித பார்பராவும் புனித கத்தரீனும் நிற்கிறார்கள். ஏராளமான புனிதர்களில் இவ்விருவரைத் தேர்ந்தெடுத்தது ஏன் என்று கேட்டுப் பாருங்கள். பார்பரா சுரங்கத் தொழிலாளரின் பாதுகாவலர். எதிர்பாராத சாவிலிருந்து காப்பவர் என்று நம்பப்பட்டவர். கத்தரீனை இப்பகுதியின் மரம் வெட்டுவோர் தங்கள் பாதுகாவலராகக் கொண்டனர். உப்புநீரைக் காய்ச்சிப் படிய வைக்க ஓயாமல் விறகு வேண்டும். சுரங்கத்தைத் தாங்கவும் மரம் வேண்டும். ஆக, மலைக்குள் இறங்கியவனும் காட்டுக்குள் ஏறியவனும் சேர்ந்துதான் இந்த ஊருக்குச் சோறு போட்டார்கள். அவ்விருவர் சார்பாகவும் பரிந்து பேசுவதற்கு ஒவ்வொரு புனிதையை அன்னையின் பக்கத்தில் நிறுத்தியிருக்கிறார்கள். ஊரின் பொருளாதாரத்தை இவ்வளவு தெளிவாகச் சொல்லும் பீடத்தை நான் வேறெங்கும் அறிந்ததில்லை.

சிறகுப் பீடம் என்பது அசையாத பொருளன்று என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். நடுப்பேழையின் இருபுறமும் கதவுகள் போலத் திறந்து மூடும் பலகைகள் இருக்கும். இங்கே அவை இரட்டைச் சிறகுகள். திருவழிபாட்டு ஆண்டின் காலங்களுக்கேற்பச் சாதாரண நாள்களில் ஒரு தோற்றமும், பெருவிழா நாள்களில் பொன்முலாம் மின்னும் முழுத் தோற்றமும் தருவதற்காக இப்படிச் செய்வது அந்நாளைய வழக்கம். எழுதப் படிக்கத் தெரியாத மக்கள், பீடம் திறந்திருப்பதைக் கொண்டே இன்று பெருவிழா என்று அறிந்துகொள்ள முடிந்தது. இத்தகைய கோதிக் பீடங்கள் பல, பின்னாளில் ஆடம்பரமான பரோக் பாணி நாகரிகமானபோது அகற்றப்பட்டன. ஹால்ஸ்டாட் பீடம் அவற்றுக்குள் தப்பிப் பிழைத்த ஒன்று.

மற்றொரு சிறிய பீடத்தையும் விட்டுவிடாதீர்கள். சிலுவைச் சாவைக் காட்டும் அது ஆஸ்ட்ல் பீடத்தைவிடப் பழையது; 15ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்தது. அதன் ஓவியப் பலகைகள் 1987ஆம் ஆண்டில் திருடப்பட்டு, முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு, 2018இல் இத்தாலியில் மீட்கப்பட்டன. ஆளில்லாத நேரத்தில் ஆலயக் கதவு பூட்டியிருந்தாலோ பீடத்துக்கு முன் தடுப்பு இருந்தாலோ சலித்துக்கொள்பவர்கள் இதை எண்ணிப் பார்க்கலாம்.

ஆலயத்தை விட்டு வெளியே வந்தால் கல்லறைத் தோட்டம். ஏரியை நோக்கிய சுவரோரம் நின்றால் நீர்ப்பரப்பும், எதிர்க்கரையில் தனித்து நிற்கும் குரூப் மாளிகையும், நீங்கள் இரயிலில் வந்திருந்தால் இறங்கிய சிறிய நிலையத்தின் பக்கமும் தெரியும். ஊரிலேயே சிறந்த காட்சி இதுதான் என்பது என் கருத்து; கட்டணம் செலுத்தி ஏறும் காட்சி மேடைகளைவிட இது மனிதர்களுக்கு நெருக்கமானது. ஆனால் இது இன்றும் பயன்பாட்டில் உள்ள கல்லறைத் தோட்டம். சிறு கூரையிட்ட மரச்சிலுவைகளுக்கு அடியில் இவ்வூர்க் குடும்பங்கள் பூச்செடி நட்டு நாள்தோறும் பராமரிக்கின்றன. கல்லறை விளிம்பில் கால் வைத்துப் படமெடுப்பதும், பூக்களை விலக்கிக்கொண்டு தன்படம் எடுப்பதும் அங்கே அன்றாடம் நடக்கும் வேதனைகள். நல்ல பருவத்தில் ஒரே நாளில் பத்தாயிரம் பேர் வரை வந்து போகும் ஊர் இது. 2023இல் ஊர் மக்கள் கூட்டத்தைக் கட்டுப்படுத்தக் கோரித் தெருவில் இறங்கினார்கள் என்பதும், புகழ்பெற்ற காட்சி இடத்தில் சில நாள்கள் மரத் தடுப்பே எழுப்பப்பட்டது என்பதும் செய்திகளில் வந்தவை. அவர்கள் பக்கம் நியாயம் உண்டு.

தோட்டத்தின் பரப்பைக் கண்ணால் அளந்து பார்த்துவிட்டு, எண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாக இந்த ஊரின் இறந்தோரை அடக்கம் செய்ய இந்தப் பாறைத் திட்டு எப்படிப் போதுமானதாக இருந்தது என்று உங்களை நீங்களே கேளுங்கள். பிறகு ஆலயத்தின் அருகிலேயே உள்ள புனித மிக்கேல் சிற்றாலயத்தின் கீழறைக்கு வாருங்கள். இறுதித் தீர்ப்பில் ஆன்மாக்களைத் தராசில் நிறுப்பவராகக் கருதப்படும் மிக்கேல் அதிதூதருக்குக் கல்லறைத் தோட்டத்துச் சிற்றாலயங்களை அர்ப்பணிப்பது ஐரோப்பாவில் பரவலான வழக்கம். இதுவும் 12ஆம் நூற்றாண்டில் தோன்றியது. அதன் அடியில் எலும்பு அறை இருக்கிறது. நுழைவதற்குச் சிறு கட்டணம் உண்டு. நாணயமாகக் கையில் வைத்திருப்பது நல்லது. கோடைக் காலத்தில் நாள்தோறும் திறந்திருக்கும். குளிர்காலத்தில் நேரம் குறையும், மூடியிருக்கவும் கூடும். ஆகவே அந்தப் பருவத்தில் செல்பவர்கள் பங்கின் அறிவிப்பைப் பார்த்துவிட்டுக் கிளம்ப வேண்டும்.

உள்ளே சுமார் 1,200 மண்டை ஓடுகள் அடுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றில் ஏறத்தாழ 610 ஓடுகளில் வண்ணம் தீட்டப்பட்டிருக்கிறது. இது கொள்ளைநோயின் எச்சமன்று, போரின் நினைவுமன்று. இடம் போதாத ஊர் தன் முன்னோரை மரியாதையுடன் வைத்துக்கொண்ட முறை. அடக்கம் செய்து பத்து, பதினைந்து ஆண்டுகள் ஆனபின் கல்லறையைத் திறந்து, மண்டை ஓட்டையும் நீண்ட எலும்புகளையும் எடுப்பார்கள். அந்தக் குழி அடுத்தவருக்குச் செல்லும். எடுத்த மண்டை ஓட்டைச் சுத்தம் செய்து, தந்த நிறம் வரும்வரை வாரக்கணக்கில் வெயிலிலும் நிலவிலும் வெளுக்க வைப்பார்கள். பிறகு வெட்டியானோ ஓவியரோ அதன்மேல் பெயரையும் இறந்த ஆண்டையும் எழுதி, மாலையும் சிலுவையும் தீட்டுவார். வண்ணம் தீட்டும் இவ்வழக்கம் 1720 அளவில் தொடங்கியது. பழைய ஓடுகளில் கருவாலி (ஓக்) இலையும் ஐவிக் கொடியும் அடர்ந்த கரும்பச்சை மாலையாக இருக்கும். பிற்காலத்தவற்றில் ரோஜாவும் வேறு பூக்களும் வெளிர் வண்ணங்களில் வரும். கருவாலி புகழையும், லாரல் வெற்றியையும், ஐவி வாழ்வையும், ரோஜா அன்பையும் குறிக்கும் என்று விளக்கம் சொல்கிறார்கள். ஒரே குடும்பத்தாரின் ஓடுகளை அடுத்தடுத்து வைத்திருக்கிறார்கள். பெயர்களைப் படித்துக்கொண்டே வந்தால் ஒரே குடும்பப் பெயர் திரும்பத் திரும்ப வருவதைக் காணலாம். அந்தப் பெயர்களை நின்று படிப்பதற்காகவே மெதுவாகப் பாருங்கள் என்று சொல்கிறேன். அச்சம் விலகுவதும் அங்கேதான்.

கடைசியாகச் சேர்ந்த ஓடு 1983இல் மறைந்த ஒரு பெண்மணியுடையது. அவர் தம் விருப்பத்தைச் சொல்லி வைத்திருந்தபடி 1995இல் இங்கே வைக்கப்பட்டார். சிலுவைக்குப் பக்கத்தில், தங்கப் பல்லுடன் இருக்கும் ஓட்டைப் பார்த்தால் அது அவருடையது. வழக்கம் தளர்ந்ததற்கும் காரணம் தெளிவானதே. 1963இல் கத்தோலிக்கத் திருச்சபை உடலை எரிப்பதற்கு இசைவு தந்தது. அதன்பின் சாம்பற்பேழைக்கு வேண்டிய இடம் மிகச் சிறிதென்பதால் கல்லறையைத் திறக்கும் தேவையே குறைந்துபோயிற்று. விரும்புபவர் உயிலில் எழுதி வைத்தால் இன்றும் இங்கே இடம் பெற முடியும் என்கிறார்கள்.

பிள்ளைகளைப் பற்றிய கேள்விக்கு இப்போது விடை சொல்லலாம். அறை சிறியது, வெளிச்சமுள்ளது. பயமுறுத்துவதற்கென்று எதுவும் அங்கே செய்து வைக்கப்படவில்லை. எட்டு, பத்து வயதுப் பிள்ளைக்கு மேலே சொன்ன காரணத்தைப் படியேறும்போதே விளக்கிவிட்டால், பூக்களையும் பெயர்களையும் பார்த்துக் கேள்வி கேட்குமே தவிர அஞ்சாது என்று நினைக்கிறேன். அண்மையில் குடும்பத்தில் சாவைக் கண்ட பிள்ளையாக இருந்தால் பெற்றோரில் ஒருவர் வெளியே சுவரோரம் உடன் இருப்பது நல்லது. சொல்லாமல் கொள்ளாமல் உள்ளே அழைத்துச் செல்வதுதான் தவறு.

இந்த ஊரின் சமய வரலாற்றில் கசப்பான ஒரு பகுதியும் உண்டு. மேலுள்ள ஆலயத்தையும் கரையிலுள்ள ஆலயத்தையும் ஒருங்கே பார்ப்பவர் அதை அறிந்திருக்க வேண்டும். ஆஸ்ட்ல் பீடம் செய்யப்பட்ட சில ஆண்டுகளிலேயே ஜெர்மானியச் சமயச் சீர்திருத்தவாதி லூத்தரின் போதனை இம்மலைப் பகுதிக்குள் வந்து, உப்புத் தொழிலாளரிடையே வேகமாகப் பரவியது. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர்களின் கிளர்ச்சி படையால் அடக்கப்பட்டது. அதன்பின் வெளியே கத்தோலிக்கராகவும் வீட்டுக்குள் லூத்தரன்களாகவும் பலர் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தார்கள். 1734இல் ஆறாம் கார்ல் பேரரசர் காலத்தில், நம்பிக்கையை மறைக்க மறுத்த குடும்பங்கள் இப்பகுதியிலிருந்து படகேற்றப்பட்டுத் இன்றைய ருமேனியாவிலுள்ள தொலைதூர டிரான்சில்வேனியாவுக்கு அனுப்பப்பட்டன. அதே ஆண்டில்தான் சுரங்கத்தில் பாறை சரிந்த இடத்தில் உப்புக்குள் பதிந்து கெடாமல் இருந்த பழங்கால மனித உடல் ஒன்று கிடைத்தது. அவர் கிறிஸ்தவர் அல்லர் என்று கருதியதால், புனிதப்படுத்தப்படாத மண்ணில் அவரைப் புதைத்ததாகச் சொல்லப்படுகிறது. யாரை எந்த மண்ணில் வைப்பது என்பதில் அன்றைய ஊர் எவ்வளவு கண்டிப்பாக இருந்தது என்பதற்கு இரண்டும் சான்று. 1781இல் இரண்டாம் யோசேப் பேரரசரின் சகிப்பாணை வந்தபிறகே லூத்தரன்கள் வெளிப்படையாகக் கூட முடிந்தது. 1861இல் சம உரிமை கிடைத்தபின் கோபுரத்தோடு கூடிய ஆலயத்தைக் கரையிலேயே, எல்லார் கண்ணிலும் படும்படி கட்டினார்கள். இறங்கி வரும்போது அதற்குள்ளும் சில நிமிடங்கள் உட்கார்ந்து பாருங்கள். அதன் எளிமை, மேலே பார்த்த பொன்முலாம் பீடத்துக்கு நேர் எதிரானது.

எந்த நாளில் செல்வது என்பதில் உங்களுக்கு உரிமை இருந்தால், கிறிஸ்துவின் திருவுடல் பெருவிழாவைப் பரிந்துரைப்பேன். உயிர்ப்புப் பெருவிழாவிலிருந்து (ஈஸ்டர்) அறுபதாம் நாளான வியாழக்கிழமை அது. பெரும்பாலும் ஜூன் மாதத்தில் வரும். அன்று நற்கருணைப் பவனி தெருவோடு நிற்காமல் ஏரிக்குள்ளும் செல்லும். ஒரு காலத்தில் உப்பு ஏற்றிச் சென்ற வகையைச் சேர்ந்த தட்டையான மரப்படகுகளில் பங்குத்தந்தையும் இசைக்குழுவும் ஊர் மக்களும் ஏறிச் செல்வார்கள். 17ஆம் நூற்றாண்டிலிருந்து வரும் வழக்கம் இது. நடப்பதற்குத் தெரு போதாத ஊரில் பவனி தண்ணீருக்குள் இறங்கியதில் வியப்பில்லை. வானிலை கெட்டால் படகுப் பவனி நடைபெறாது. ஞாயிற்றுக்கிழமைகளில் திருப்பலி நேரத்தில் ஆலயத்தைச் சுற்றிப் பார்க்க இயலாது. திருப்பலியில் கலந்துகொள்ள விரும்பினால் முன்னதாகவே சென்று அமர்ந்துவிடுங்கள். மொழி புரியாவிட்டாலும் சடங்கின் ஒழுங்கு கத்தோலிக்கருக்குப் பழக்கமானதே. உள்ளே தோள் மறைந்த உடையும் தாழ்ந்த குரலும் போதும்.

பயண ஏற்பாட்டைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சால்ஸ்பர்கிலிருந்து இரயிலில் ஆட்நாங்-புக்ஹைம் சென்று அங்கே வண்டி மாறலாம். அல்லது பேருந்தில் பாட் இஷல் சென்று அங்கிருந்து இரயில் பிடிக்கலாம். இரண்டிலும் சுமார் இரண்டரை மணி நேரம் ஆகும். ஹால்ஸ்டாட் நிலையம் ஊரில் இல்லை, எதிர்க்கரையில் இருக்கிறது. இரயில் வரும் நேரத்தையொட்டிப் புறப்படும் படகில் ஏரியைக் கடக்க வேண்டும். ஊரை முதன்முதலாகப் பார்க்க அதைவிட நல்ல வழி கிடையாது. காரில் வருவோர் ஊருக்கு வெளியேயுள்ள நிறுத்துமிடங்களில் விட்டு நடக்க வேண்டும். கோடையில் முற்பகலிலேயே அவை நிரம்பிவிடும். சுற்றுலாப் பேருந்துகள் காலை பத்து மணிக்குமேல் வந்து குவியத் தொடங்குவதால், முதல் இரயிலில் வந்து நேராக ஆலயத்துக்கு ஏறிவிட்டு ஊரைப் பிறகு சுற்றுவதே நல்லது. முடியாதவர்கள் பிற்பகல் நான்கு மணிக்குமேல் ஏறலாம், ஆனால் அப்போது எலும்பு அறை மூடும் நேரத்தை முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும். திரும்பும் படகுகள் இரவுவரை ஓடுவதில்லை. கடைசிப் படகு மாலையிலேயே போய்விடும். அதைத் தவறவிட்டால், ஊரின் தென்கோடியான லான் பகுதியிலிருந்து புறப்படும் பேருந்தில் பாட் கோய்சர்ன் சென்று இரயில் பிடிக்கலாம். ஆனால் மாலையில் அந்தப் பேருந்துகளும் குறைவு என்பதால், படியேறும் முன்பே படகுத்துறையில் ஒட்டியிருக்கும் நேர அட்டவணையைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.